கடல் அட்டை, கடல் குதிரை, சிப்பி... 'ஆண்மை மருந்து' நம்பிக்கைக்கு ஆய்வகம் சொல்லும் பதில் என்ன?

ராமநாதபுரம் மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு பழகிப்போயிருக்கும். 'மண்டபம் அருகே மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை பறிமுதல்.' படத்தில் வனத்துறையினரோ கடலோரக் காவல் படையினரோ நிற்பார்கள். முன்னால் சாக்குகளில் கறுத்துச் சுருங்கிய, கருவாடு போன்ற ஏதோ ஒன்று குவிந்திருக்கும். 'இலங்கைக்குக் கடத்த இருந்தது', 'மதிப்பு பல லட்சம்' என்று செய்தி முடியும்.

கையில் எடுத்துப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும் இந்தப் பிராணிக்கு ஏன் இவ்வளவு விலை? சீனாவிலும் ஹாங்காங்கிலும் இது விருந்து உணவு. அதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இது ஆண்மையைப் பெருக்கும், தாம்பத்யத்துக்குத் தெம்பு தரும் என்பதுதான் அது. கடல் குதிரைக்கும் அதே பெயர். சிப்பிக்கும், திமிங்கிலத்தின் வயிற்றில் உருவாகும் அம்பர்கிரிஸுக்கும்கூட அதே பெயர்தான்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. சிட்டுக்குருவி லேகியத்தைக் கேலியாகவாவது கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. குருவிக்குப் பதில் கடல் பிராணி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், கடல் பிராணிகள் விஷயத்தில் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. சாறெடுத்து, எலிக்குக் கொடுத்து, மனிதர்களுக்கும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் என்ன சொல்கின்றன?

தொட்டால் விறைக்கும் பிராணி

கடல் அட்டை என்று பெயர் இருந்தாலும் அட்டைப் பூச்சிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் சொந்தக்காரர் இது. எலும்பு கிடையாது, மூளை கிடையாது. கடலடி மணலில் மெதுவாக ஊர்ந்து, மணலை வாயால் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் அழுகிய பொருள்களை மட்டும் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளும்.

இதைக் கையில் எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். தொளதொளவென்று இருந்த உடல் சட்டென்று விறைத்துக்கொள்ளும். இன்னும் தொந்தரவு செய்தால் சில இனங்கள் பின்பக்கத்திலிருந்து வெள்ளை நிறத்தில் ஒட்டும் இழைகளைப் பீய்ச்சும். உருவமும் உருளை வடிவம். இதைப் பார்த்த மனிதர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

உருவத்தைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்வது உலகம் முழுக்க இருந்த பழைய பழக்கம். அக்ரூட் பருப்பு மூளை மாதிரி இருப்பதால் அது மூளைக்கு நல்லது என்று சொல்வார்களே, அதே கணக்குதான். சீன மொழியில் கடல் அட்டையை 'ஹாய்ஷென்' என்கிறார்கள். 'கடல் ஜின்செங்' என்று அர்த்தம். அவர்களின் பாரம்பர்ய மருத்துவத்தில் சிறுநீரகத்தின் சக்தியும் ஆண்மையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கடல் அட்டையும் கடல் குதிரையும் அந்தச் சக்தியைக் கூட்டுபவை என்ற வரிசையில் வருகின்றன.

விறைப்புக்கான உண்மையான காரணம் வேறு. கடல் அட்டையின் தோலில் இருக்கும் கொலாஜன் இழைகளை அதன் நரம்பு மண்டலம் நினைத்த நேரத்தில் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். எதிரி வந்தால் இறுகிக்கொள்ளும். சந்து கிடைத்தால் இளகி நுழைந்துகொள்ளும். மனித உடலில் நடப்பது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு வேடிக்கை, எல்லா ஊரிலும் இதே நம்பிக்கை இல்லை. மலேசியாவில் கடல் அட்டையை 'காமாட்' என்கிறார்கள். லங்காவிக்குச் சுற்றுலா போனவர்கள் காமாட் எண்ணெய் பாட்டில்களைப் பார்த்திருப்பார்கள். அங்கே அது வெட்டுக்காயத்துக்கும் மூட்டு வலிக்கும் தடவும் மருந்து. பிராணி ஒன்றுதான், ஊருக்கு ஒரு நம்பிக்கை.

எலியிடம் எப்படிக் கேட்பது?

ஒரு பொருள் பாலுணர்வைத் தூண்டுகிறதா என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் எலிகள்தான். கடல் பிராணியை உலர்த்திப் பொடித்து, ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். ஆண் எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர் அல்லது எண்ணெய், இன்னொரு குழுவுக்குக் குறைந்த அளவு சாறு, மற்றொன்றுக்கு அதிக அளவு சாறு. பெரும்பாலும் ஒரு குழுவுக்கு சில்டெனாஃபில், அதாவது வயாகரா மருந்து கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

பிறகு, ஹார்மோன் ஊசி போட்டு இணைசேரத் தயார்படுத்திய பெண் எலியை அந்தக் கூண்டில் விடுவார்கள். ஆண் எலி முதல்முறை நெருங்க எத்தனை விநாடி ஆனது, எத்தனை முறை ஏறியது, ஒரு முறை முடிந்தபின் மீண்டும் நெருங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று கடிகாரத்தை வைத்துக் குறிப்பார்கள். கடைசியில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்ப்பார்கள்.

எலிச் சோதனையில் ஒரு நன்மை உண்டு. தனக்கு என்ன கொடுத்தார்கள் என்று எலிக்குத் தெரியாது. 'ராஜ மருந்து' என்ற பெயரைக் கேட்டு அது உற்சாகமடையாது. ஆனால், கடிகாரத்தைப் பிடித்திருக்கும் மனிதருக்கு எந்த எலிக்கு என்ன கொடுத்தோம் என்று தெரிந்திருந்தால், அவருடைய ஆசை கணக்கில் கலந்துவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் குறிப்பெடுப்பவருக்கும் அதை மறைத்துவிடுவார்கள்.

இந்தோனேசியாவின் போகோர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் தொடர்ந்து வேலை நடந்திருக்கிறது. கடல் அட்டையிலிருந்து ஸ்டீராய்டு வகைப் பொருள்களைப் பிரித்தெடுத்து, இயற்கையான பாலுணர்வு ஊக்கியாகப் பயன்படுமா என்று எலிகளிடம் பார்த்தார்கள். ஓடில்லாத ஒருவகைக் கடல் நத்தையையும் அதே நோக்கத்தோடு ஆராய்ந்தார்கள். அந்த நாட்டின் கடலோர மக்கள் சிலர் அதைச் சாப்பிடுகிறார்கள் என்பதே காரணம். மீன் வளர்ப்பிலும் ஒரு முயற்சி நடந்தது. குஞ்சுகளை ஆண் மீன்களாக மாற்றச் செயற்கை ஹார்மோன் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாகக் கடல் அட்டைச் சாறு உதவுமா என்றும் பார்த்தார்கள்.

சவுதி அரேபியாவில், 1995-ல் வெளியான ஓர் ஆய்வு அம்பர்கிரிஸைப் பற்றியது. அரபு நாடுகளில் நெடுங்காலமாக அதை ஆண்மை மருந்து என்று நம்பினார்கள். அதில் இருக்கும் முக்கியப் பொருளான அம்ப்ரெய்னைத் தனியே பிரித்து ஆண் எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் பாலியல் செயல்பாடு கூடியதாக அந்த ஆய்வு சொன்னது.

ஆக, எலிகளிடம் சில அறிகுறிகள் தெரிகின்றன. அங்கிருந்து 'மனிதர்களுக்கும் வேலை செய்யும்' என்று தாவினால்தான் பிரச்னை. எடைக்கு எடை கணக்குப் போட்டால் எலிக்குக் கொடுக்கும் அளவு மிக அதிகம். கொடுப்பது செறிவூட்டிய சாறு. மனிதர் குடிப்பதோ ஒரு கிண்ணம் சூப். இன்னொரு தடையும் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோனை வாய்வழியாக விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையைப் பெரும்பாலும் ஊசியாகவோ, தோலில் தடவும் ஜெல்லாகவோ கொடுப்பது அதனால்தான்.

சிப்பி: உலகம் முழுக்கப் பரவிய ஒரு செய்தி

எலியிடம் தெரிந்தது மனிதரிடம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முழுக் கதையே இருக்கிறது. கதாநாயகன் சிப்பி.

18-ம் நூற்றாண்டு வெனிஸ்காரர் காஸநோவா, காலை உணவுக்கு 50 சிப்பிகளை விழுங்குவார் என்ற கதை ஐரோப்பாவில் பிரபலம். 2005 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அமெரிக்க, இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு தகவலை முன்வைத்தார்கள். மத்திய தரைக்கடல் பகுதியின் சிப்பி இனங்களில் டி-அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இந்தப் பொருளை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினால் பாலியல் ஹார்மோன்களின் சுரப்பைத் தூண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் என்ன எழுதின? 'காஸநோவா சொன்னது சரிதான்! சிப்பி ஆண்மையைத் தூண்டும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்!' ஆனால், அந்த ஆய்வில் ஒரு மனிதருக்குக்கூடச் சிப்பி கொடுத்துச் சோதிக்கவில்லை. சிப்பியில் அந்தப் பொருள் இருக்கிறது என்று மட்டுமே காட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மனிதர்களிடம் சோதனை வந்தது. 2009-ல் இத்தாலியில் 23 ஆண்களுக்கு, தினமும் சுமார் 3 கிராம் டி-அஸ்பார்டிக் அமிலத்தை 12 நாள்கள் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 42 சதவிகிதம் உயர்ந்தது என்று முடிவு வந்தது. உடனே ஜிம் போகிறவர்களுக்கான டப்பாக்களில் இந்தப் பொருள் விற்பனைக்கு வந்துவிட்டது.

2013-ல் அமெரிக்காவில் உடற்பயிற்சி செய்யும் ஆண்களுக்குத் தினமும் 3 கிராம் வீதம் 28 நாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோனில் எந்த மாற்றமும் இல்லை. 2015-ல் ஆஸ்திரேலியாவில் அளவை இரட்டிப்பாக்கி, தினமும் 6 கிராம் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது!

முதல் ஆய்வு உலகத்துக்கே தெரிந்தது. அடுத்த இரண்டு ஆய்வுகளும் எத்தனை பேருக்குத் தெரியும்? 'இயற்கை ஊக்கி' வியாபாரம் வாழ்வது இந்த இடைவெளியில்தான்.

ஒரு சின்ன உண்மையும் உண்டு

சிப்பியைப் பற்றிய நம்பிக்கை மொத்தமும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. உணவுப் பொருள்களிலேயே துத்தநாகச் சத்து மிக அதிகமாக இருப்பவற்றில் ஆளி எனப்படும் சிப்பியும் ஒன்று. துத்தநாகம் இல்லாவிட்டால் ஆணின் உடல் வளர்ச்சியே நின்றுபோகும் என்று உலகத்துக்குச் சொன்னவர், பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத்.

1950-களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில் அவர் வேலை பார்த்தபோது, 21 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். பார்க்கப் பத்து வயதுச் சிறுவன் மாதிரி இருந்தார். மீசை முளைக்கவில்லை, பருவமடைந்த அறிகுறியே இல்லை. அவருடைய உணவு பெரும்பாலும் ரொட்டி மட்டும். களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. அதே போன்றவர்களை எகிப்திலும் ஆராய்ந்த பிரசாத், துத்தநாகக் குறைபாடுதான் காரணம் என்று 1963 வாக்கில் காட்டினார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் உயரமானார்கள், பருவமடைந்தார்கள்.

ஆனால், இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைபாடு இருப்பவருக்குத்தான் அது மருந்து. போதுமான துத்தநாகம் உடலில் இருப்பவர் மேலும் மேலும் சாப்பிட்டால் ஆண்மை கூடாது. தொட்டி நிறைந்த பிறகும் குழாயைத் திறந்துவைத்தால் தண்ணீர் வழியத்தான் செய்யும். அந்தத் துத்தநாகமும் சிப்பியில் மட்டும் இல்லை. ஆட்டுக்கறி, முட்டை, கொண்டைக்கடலை, பூசணி விதை, எள் என்று நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

அப்படியானால், 'எனக்கு வேலை செய்ததே!'

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பாலுணர்வு என்பது பாதிக்கு மேல் மனம் சம்பந்தப்பட்டது. பயம், பதற்றம், 'நம்மால் முடியாமல் போய்விடுமோ' என்ற நினைப்பு, இவையே பலருக்குத் தடை. அரிய பொருள், அதிக விலை, ரகசியமாகக் கைக்கு வந்தது என்ற மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை பிறக்கும். பதற்றம் குறையும். உடல் ஒத்துழைக்கும். பலன் தந்தது அந்த நம்பிக்கைதான்.

இதைச் சலித்தெடுக்கத்தான், மனிதர்களிடம் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு உண்மையான மருந்தும், பாதிப் பேருக்கு அதே போலத் தெரியும் வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பிறகு, 15 கேள்விகள் கொண்ட சர்வதேச வினாத்தாளை நிரப்பச் சொல்லி மதிப்பெண் போடுவார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானோர் 'முன்னேற்றம் தெரிகிறது' என்பார்கள். அதைத் தாண்டிப் பலன் காட்டினால்தான் அது மருந்து.

சில்டெனாஃபில் இந்தத் தேர்வைத் தாண்டியது. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டுக்கொண்டிருந்த அந்த மருந்தின் பக்கவிளைவைக் கவனித்த ஆய்வாளர்கள், பல கட்டச் சோதனை நடத்தி, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் அந்தத் தேர்வைத் தாண்டி மருந்தாக அனுமதி பெறவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் எந்த ஊக்கிக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1989-லேயே அப்படிப்பட்ட மருந்துகளின் விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது.

'மூலிகை' பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரை

சிலருக்கு 'இயற்கை' கேப்ஸ்யூல் நிஜமாகவே அரை மணி நேரத்தில் வேலை செய்யும். அப்போதுதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை, ரகசியமாக மருந்து கலந்திருந்ததாகக் கண்டறியப்பட்ட 776 சத்துணவுப் பொருள்களைப் பற்றிய ஆய்வு 2018-ல் வெளியானது. அவற்றில் 353 பொருள்கள் பாலியல் ஊக்கிகள் என்று விற்கப்பட்டவை. இப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் அதிகம் பிடிபட்டது எது தெரியுமா? அதே சில்டெனாஃபில்! மேலே இலை, வேர், கடல் பிராணி படம். உள்ளே ஆங்கில மருந்து, அதுவும் எவ்வளவு என்றே தெரியாத அளவில்.

இது வெறும் ஏமாற்று வேலை மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. அந்த மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலும் எடுத்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிரே போகலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். பாக்கெட் விற்பவர் கேட்க மாட்டார். வாங்கியவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பேருந்து நிலையச் சுவரொட்டிகள், 'மாதம் ஒருமுறை இந்த லாட்ஜில்' விளம்பரங்கள், நள்ளிரவு டிவி நிகழ்ச்சிகள், இப்போது ரீல்ஸ். வழிகள் மாறினாலும் சரக்கு அதேதான். பாலியல் இன்பத்துக்கான திறனைக் கூட்டும் என்று சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. சுவரொட்டி இன்னும் கிழியவில்லை.

கடலுக்கு என்ன ஆகிறது?

பிடித்த கடல் அட்டையின் குடலை நீக்கி, அவித்து, மணலில் புதைத்து மேல்தோலைக் கழற்றி, மீண்டும் அவித்து, வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை உயிர்கள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டை ட்ரோன் மூலம் ஆராய்ந்தவர்கள், அங்குள்ள சுமார் 30 லட்சம் கடல் அட்டைகள் ஆண்டுக்கு 64,000 டன் மணலைச் சலித்து வெளியேற்றுவதாக 2021-ல் கணக்கிட்டார்கள். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்கள் அவை. அவற்றை வாரியெடுத்தால் மணல் கெட்டிப்பட்டு, அழுக்கு சேர்ந்து, அங்கே வாழும் மற்ற உயிர்களும் பாதிக்கப்படும்.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. கடல் அட்டைகள் சேர்ந்து வாழ்வதில்லை. ஆண், பெண் இரண்டும் தனித்தனியே தண்ணீரில் விந்தையும் முட்டையையும் விடும். இரண்டும் அருகருகே இருந்தால்தான் கருவுறும். அதிகமாகப் பிடித்து எண்ணிக்கை குறைந்துவிட்டால், மிச்சமிருப்பவை தூரத்தூரமாகச் சிதறிவிடும். கருத்தரிப்பே நடக்காது. மனிதனின் ஆண்மைக்காக விற்கப்படும் பிராணி, தன் வம்சத்தை வளர்க்க முடியாமல் நிற்கிறது.

கடல் குதிரையின் கதையும் அப்படித்தான். ஆண் கர்ப்பம் சுமக்கும் இனம் அது. பெண் முட்டையிட, ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து குட்டிகளை வெளியிடும். பல இனங்கள் இணையை விட்டுப் பிரிவதில்லை. இழுவை வலைகளிலும் சிறு வலைகளிலும் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 3 கோடியே 70 லட்சம் கடல் குதிரைகள் சிக்குவதாக 21 நாடுகளின் தகவல்களை வைத்து ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இந்தியா 2001-ல் கடல் அட்டைகளையும் கடல் குதிரைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. முதல் அட்டவணை உயிரினத்தைப் பிடித்த வழக்கில் குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2020-ல் லட்சத்தீவில் கடல் அட்டைகளுக்கென்றே 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு பாதுகாப்பகம் உருவானது. உலகிலேயே இதுதான் முதல்முறை.

இதனால் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா கரைகளில் மூச்சடக்கிக் கடல் அட்டை பிடித்தே பிழைத்த குடும்பங்களின் தொழில் ஒரே நாளில் குற்றமானது. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி இலங்கைக் கரைக்குப் போனால், அதே பிராணியை உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். இங்கே வலையில் தானாகச் சிக்கினாலும் கடலில் திரும்ப விட வேண்டும். 'தடையை மறுபரிசீலனை செய்யுங்கள், வளர்க்கவாவது அனுமதியுங்கள்' என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதில் நியாயம் இல்லாமலில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம், 1988-லேயே கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துக் காட்டியது. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, முடிவுதான் எடுக்கப்படவில்லை.

கடத்தலில் பெரிய லாபம் யாருக்கு? படகில் போகிறவருக்குக் கிடைப்பது கூலி. மாட்டிக்கொண்டால் சிறைக்குப் போவதும் அவர்தான்.

உண்மையில் போக வேண்டிய இடம்

இந்தச் சந்தை இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், பிரச்னை நிஜமானது என்பதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி, 1994-ல் வெளியான ஆய்வில், 52 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புத்தன்மைக் குறைபாடு இருந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை நோய் நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதிக்கும். அதன் முதல் அடையாளம் படுக்கையறையில் தெரியலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் அடைபடும். அதனால், நடுத்தர வயதில் திடீரென்று வரும் இந்தக் குறைபாடு, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல், கூச்சப்பட்டுக்கொண்டு பாக்கெட்டைப் பிரிப்பவர், உடல் கொடுத்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் என்று சில பரிசோதனைகளில் பாதிக் காரணம் தெரிந்துவிடும். சிகரெட்டை விட்டாலே சிலருக்கு முன்னேற்றம் வரும். தினசரி நடையும், எடைக் குறைப்பும், நல்ல தூக்கமும் உதவும். ரத்த அழுத்தத்துக்கோ மன அழுத்தத்துக்கோ எடுக்கும் மாத்திரைதான் காரணம் என்றால், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தானாக நிறுத்தக் கூடாது. காரணம் மனத்தில் இருந்தால் அதற்கும் ஆலோசனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. கணவர் விலகி விலகிப் போனால், 'என்மேல் பிரியம் குறைந்துவிட்டதோ' என்று மனைவி நினைத்துக்கொள்வார். 'நான் ஆம்பளையே இல்லையோ' என்று கணவர் உள்ளுக்குள் புழுங்குவார். இரண்டு பேரும் வாய் திறந்து பேசாத அந்த மௌனத்தில்தான் லாட்ஜ் வைத்தியர் பிழைக்கிறார். 'சுகர் டெஸ்ட் எடுத்து நாளாச்சு, ரெண்டு பேரும் போய்ட்டு வருவோமா?' என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

மண்டபம் கடற்கரையில் அடுத்த மூட்டை பிடிபடும்போது மறுபடியும் செய்தி வரும். அந்தச் சாக்குக்குள் இருப்பவை, உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் பாக் விரிகுடாவின் மணலைச் சலித்துக்கொண்டிருக்கும்.